ஒரு பாயில் மூன்று வகுப்பு

ஹந்தானை மலைமுகட்டில் காலைப் பனி கலைந்து வெயில் தெளிகின்ற தை மாதத்து நாட்களில், கண்டி நகரத்துப் புத்தகக் கடைகளிலே கொப்பிக்கும் பென்சிலுக்கும் உறைபோடும் தாளுக்குமாக நெருக்கியடித்து நிற்கும் பெற்றோரின் கைகளைக் கவனித்தால், பலரிடம் இருப்பது ஒரு பட்டியலன்று, இரண்டு அல்லது மூன்று பட்டியல்கள் என்பது தெரியவரும். ஒன்பதாந் தரத்துக்கு ஒன்று, ஐந்தாந் தரத்துக்கு ஒன்று, இவ்வாண்டுதான் முதலாந் தரத்தில் காலெடுத்து வைக்கப்போகும் கடைக்குட்டிக்கு ஒன்று என்று தனித்தனியே எழுதப்பட்ட அப்பட்டியல்கள் கடைக்காரரின் மேசைமீது ஒரு நிமிஷத்தில் ஒன்றாகி, ஒரே பையில் விழுந்து, ஒரே வீட்டுக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே போன பின்னர் அவற்றை மறுபடியும் மூன்றாகப் பிரித்து, மூன்று பிள்ளைகளையும் மூன்று மூலைகளில் உட்காரவைத்து, மூவருடைய பாடங்களையும் ஒரே மாலைப் பொழுதில் நடத்தி முடிக்கவேண்டிய சங்கடம் அவ்வீட்டுத் தாய்க்கு, அல்லது அபூர்வமாகத் தகப்பனுக்கு, நேர்கின்றது. அந்தச் சங்கடத்தை ஒரு சௌகரியமாக மாற்றிக்கொள்ள முடியுமா என்பதே நமது விசாரணை.

பிள்ளைகளைப் பாடசாலைக்கே அனுப்பாமல் வீட்டிலேயே முழுக் கல்வியையும் அளிக்கும் வழக்கம் மேனாடுகளில் பரவியிருப்பதைப்போல நம் நாட்டிலே பரவவில்லை. 1998 தொடக்கம் ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயது வரையும், 2016 முதல் பதினாறு வயது வரையும் கல்வியைக் கட்டாயமாக்கிய நாடு இது. ஆயினும் நாடு முழுவதுமே ஒரு வீட்டுப் பள்ளியாக மாறிய காலமொன்றை நாம் கண்டிருக்கிறோம். 2020 மார்ச் மாதத்திலே கொரோனாத் தொற்றின் காரணமாக மூடப்பட்ட பாடசாலைகள் இடையிடையே திறப்பதும் மூடுவதுமாக ஒன்றரை ஆண்டுக்கு மேல் தடுமாறின. அரசாங்கத் தொலைக்காட்சி 'குரு கெதர' என்ற பெயரில் பாடங்களை ஒளிபரப்பியது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பிலே வினாத்தாள்களை அனுப்பினார்கள். தோட்டப் பகுதிகளில் அலைவரிசை கிடைக்காமல் பாறைகளின் மீதும் மேட்டு நிலங்களின் மீதும் ஏறி நின்று படித்த பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. பள்ளியாண்டே இடம்பெயர்ந்து, 2022 இல் ஏப்பிரலிலும், 2023 இல் மார்ச்சிலும், 2024 இல் பெப்ரவரியிலும் பிறந்து, 2025 இல்தான் ஜனவரிக்குத் திரும்பிவந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு அந்நாட்களைக் கடந்த குடும்பங்கள் யாவும், பல பருவத்துப் பிள்ளைகளுக்கு ஒரே கூரையின் கீழ் பாடஞ் சொல்லிக்கொடுப்பது எத்தகைய காரியம் என்பதைக் கசப்போடு அறிந்துகொண்டன. கசப்புக்குக் காரணம் பிள்ளைகளின் வயது வித்தியாசமே என்று அப்போது பலரும் நினைத்தார்கள். என் அபிப்பிராயம் வேறு. வயதுக்கு ஒரு சுவர் எழுப்பி, ஒவ்வொரு பிள்ளையையும் அச்சுவருக்குள்ளேயே வைத்துக் கற்பிக்கும் பாடசாலை முறையை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்த முயன்றதுதான் அந்தத் துன்பத்துக்கு மூலம்.

திண்ணையும் மணலும்

அச்சுவர் மிகவும் சமீபத்தில் எழுந்தது. நம் முன்னோர் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தரம் என்றும் வகுப்பு என்றும் பிரிவுகள் கிடையா. வித்தியாரம்பமாகிச் சில நாட்களே ஆன குழந்தை மணலிலே விரலால் அகரம் எழுதிக்கொண்டிருக்கும். அதற்கு இரண்டு முழம் அப்பால் ஒரு பையன் எண்சுவடியில் முந்திரியும் மாகாணியும் ஒப்பித்துக்கொண்டிருப்பான். திண்ணையின் மறுகோடியில் ஓலையும் எழுத்தாணியுமாக அமர்ந்திருப்பவன் நிகண்டு பாடம் பண்ணிக்கொண்டிருப்பான். உபாத்தியாயர் ஒருவரே. அவர் அத்தனை பேரிடமும் நேரே போவதில்லை. மூத்த மாணாக்கன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக நியமித்து, சிறுவர்களிடம் முறை கேட்பதையும் எழுத்தைத் திருத்துவதையும் அவன் பொறுப்பிலே விட்டு, தாம் மேற்பாடத்தைக் கவனிப்பார். உ.வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் அத்தகைய பள்ளிக்கூடத்தைக் கண்முன் நிறுத்தியிருக்கிறார். கோதண்டம் போடுவதும் அண்ணாந்தாள் பிடிக்கச் செய்வதுமான கொடிய தண்டனைகளும் அதே திண்ணையிலேதான் நடந்தன என்பதை மறைத்து அதைப் புகழ்ந்துரைப்பது நேர்மையாகாது. தண்டனையை ஒதுக்கிவிட்டு அமைப்பை மட்டும் எடுத்துப் பார்க்கிறோம்.

இந்த அமைப்பு கப்பலேறிச் சென்ற வரலாறு சுவையானது. ஸ்கொட்லாந்து தேசத்துச் சென்ட் அண்ட்ரூஸ் நகரிலே பிறந்த அண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789 இல் சென்னை எழும்பூரிலிருந்த இராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதியின் மேற்பார்வையை ஏற்றார். ஒருநாட் காலை குதிரைமீது சென்றுகொண்டிருந்த அவர், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலிலே விரலால் எழுதுவதைக் கண்டு, தமது விடுதியிலும் அவ்வாறே செய்யவேண்டும் என்று சொன்னார். சம்பளத்துக்கு இருந்த உபாத்தியாயர்கள் அதற்கு இணங்கவில்லை. பெல், ஜோன் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, எழுத்தறியாத குழந்தைகளின் வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவர்களால் முடியாது என்று கைவிடப்பட்ட காரியத்தை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். பின்னர் விடுதியின் ஏனைய வகுப்புகளும் ஒவ்வொன்றாக மூத்த பிள்ளைகளின் கைக்கு வந்தன. 1796 இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டு லண்டனில் வெளியிட்ட சிறு நூலின் மூலம் அது 'மதராஸ் முறை' என்று பெயர்பெற்று, ஜோசப் லங்காஸ்டர் என்பவர் லண்டனில் நடத்திய இதே போன்ற பரிசோதனையோடு போட்டியிட்டு, ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. பெல் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு சென்ட் அண்ட்ரூஸில் ஸ்தாபிக்கப்பட்ட பள்ளிக்கூடம் மதராஸ் கல்லூரி என்ற பெயரோடு இன்றும் அங்கே நடக்கிறது. தமிழ்நாட்டு மணலிலிருந்து எழுந்த ஒரு யோசனை ஸ்கொட்லாந்திலே கல்லாகி நிற்க, தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது பழங்கதையாகிப் போயிற்று.

மதராஸ் முறைக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஓர் உபாத்தியாயரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்ற கணக்கிலேதான் பலர் அதை ஆதரித்தார்கள் என்பது ஒன்று. கற்பிக்கும் பிள்ளை தான் கற்கவேண்டியதை இழந்தானா என்று கேட்பார் அதிகம் இல்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது குறையை நம் மலைநாட்டு வரலாறு இன்னும் கூர்மையாகக் காட்டும்.

லயத்து விறாந்தையில்

கம்பளைக்கு அருகே 1820 களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றி, இலைநோயினால் கோப்பி அழிந்த பின், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே பயிரிட்டுக் காட்டிய தேயிலை இக்குன்றுகள் முழுவதையும் போர்த்தியபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஒரு காலம் வரைக்கும் பள்ளிக்கூடம் என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லை. 1854 இல் கண்டியை மையமாகக்கொண்டு தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் சில இடங்களில் எழுத்தறிவித்தது. கங்காணிமார் சிலர் ஓரளவு படித்த ஒருவரை அமர்த்தி, லயத்து விறாந்தையிலோ மரத்தடியிலோ பாடம் நடத்தச் செய்தார்கள். 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம்தான் ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் தோட்டத்துரையின் கடமையாக்கிற்று. 1920 ஆம் ஆண்டின் சட்டம் அக்கடமையை மீண்டும் வலியுறுத்திற்று. சட்டத்தைக் காகிதத்தில் எழுதுவது எளிது. தோட்டங்களில் உருவானவை பெரும்பாலும் ஓரறையும் ஓராசிரியரும் உள்ள பாடசாலைகளே. 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தபோதுகூட அதன் முழுப் பயன் இந்த அறைகளை எட்டவில்லை. 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன.

அந்த ஓரறையில் நடந்தது என்ன? ஒரு கரும்பலகை, பல பருவத்துப் பிள்ளைகள், ஓராசிரியர். அவரிடம் வித்தை இருந்த இடங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை முதலாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது. இளையது மூத்ததன் பாடத்தைக் கேட்டுக் கேட்டே அரைப் பாடம் கற்றுக்கொண்டது. ஆனால் அப்பாடசாலைக்கு வெளியே, அதே லயத்திலே, இன்னொரு வகைச் 'சட்டாம்பிள்ளை' இருந்தாள். தாய் விடியற்காலையில் கொழுந்து பறிக்க மலையேறிய பின், கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைத்து, தம்பிக்குச் சோறு போட்டு, தண்ணீர் சுமந்து, அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பத்து வயதுப் பெண். வீட்டிலே எல்லாப் பிள்ளைகளையும் அவளே வளர்த்தாள், அவளைப் படிக்கவைக்க யாருக்கும் அவகாசம் இல்லை. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு உதவுவது என்னும் இனிய ஏற்பாடு எந்த இடத்திலே ஒரு பிள்ளையின் பால்யத்தைத் திருடத் தொடங்குகின்றது என்பதை மலைநாட்டுத் தமிழருக்கு வேறெவரும் வந்து போதிக்க வேண்டியதில்லை. தங்கள் பாட்டிமாரைக் கேட்டால் போதும்.

ஆதலால் வீட்டில் பல பருவத்துப் பிள்ளைகளை ஒன்றாகப் படிப்பிக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் விதி இதுதான்: மூத்த பிள்ளை ஒரு நாளிலே அரை மணி நேரத்துக்கு மேல் இளைய பிள்ளைக்குக் கற்பிக்கலாகாது, கற்பித்த அந்த அரை மணிக்கு ஈடாகத் தாயின் அல்லது தகப்பனின் பிரிக்கப்படாத அரை மணி நேரம் மூத்த பிள்ளைக்கு அன்றைய தினமே கிடைக்கவேண்டும். இது கடன், தயவு அன்று. மூத்தது பெண்ணாக இருந்தால் இவ்விதியை இரட்டிப்பாக வலியுறுத்துவேன். ஏனெனில் மூத்த மகனை அரை மணியில் எழுப்பி விளையாட அனுப்பும் வீடுகள், மூத்த மகளைக் கற்பித்த கையோடு குசினிக்கும் அனுப்பிவிடுகின்றன.

தூங்கி வழிந்த ஒரு பாடசாலை

வகுப்புச் சுவரில்லாமல் தமிழ்ப் பிள்ளைகள் படித்த இன்னோர் இடம் ஆபிரிக்காவில் இருந்தது. 1910 இல் ஜொஹானஸ்பேர்க்குக்கு அருகே, காந்தியடிகளின் நண்பர் கலன்பாக் அளித்த நிலத்தில் தோன்றிய டால்ஸ்டாய் பண்ணையிலே, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் கூடி வாழ்ந்தன. தமிழும் குஜராத்தியும் இந்தியும் பேசுகிற, பல சமயங்களைச் சேர்ந்த, சிறு குழந்தை முதல் வாலிபன் வரை பல வயதினரான பிள்ளைகளுக்குக் காந்தியும் கலன்பாக்கும் ஆசிரியர்களானார்கள். காலை முழுவதும் தோட்டவேலை. நண்பகல் உணவுக்குப் பின்னரே பாடம். அவ்வேளையில் மாணாக்கரோடு ஆசிரியருக்கும் கண்கள் செருகின என்பதைக் காந்தியே எழுதியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த தமிழோ ஜி.யு. போப்பின் இலக்கண நூலைக்கொண்டு தாமே கற்றுக்கொண்ட சொற்பத் தமிழ். அதைக்கொண்டே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்தார், தம் அறியாமையை அவர்களிடம் ஒளிக்கவுமில்லை. பாடப்புத்தகங்களை அவர் அதிகம் நாடவில்லை. வாயால் சொல்லிக் காதால் கேட்கவைப்பதே அங்கே பிரதானமாக இருந்தது. 1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கை வந்து கண்டியிலும் தங்கிச் சென்ற காந்தியை வரவேற்றவர்களுக்கு இந்தப் பழைய உபாத்தியாயரின் ஞாபகம் எவ்வளவு இருந்திருக்குமோ! வீட்டிலே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் பெற்றோர், தமக்கு எல்லாம் தெரியாதே என்று தயங்கும்போது, அந்தச் சொற்பத் தமிழ் அவர்களுக்குத் தைரியம் அளிக்கவேண்டும்.

நம் காலத்திலும் இம்முறை திரும்பி வந்ததுண்டு. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியினர் சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைகளையும் படிநிலைகளையும் தழுவி, 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் எம்.பி. விஜயகுமார் தொடங்கிவைத்த செயல்வழிக் கற்றல், பின்னர் தமிழ்நாடு முழுவதும் பரவிற்று. முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் ஒரே அறையில் பாய்மீது வட்டமாக அமர்ந்து, தாம் நிற்கும் படியிலிருந்து அடுத்த படிக்குத் தம் தம் வேகத்தில் ஏறினார்கள். அந்த ஏற்பாட்டில் ஆசிரியர்களுக்கு மனக்குறைகள் இருந்தன. சரிவர நடக்காத இடங்களும் பல. ஆனாலும், ஒரு பிள்ளை இன்று எந்தப் படியில் நிற்கின்றது என்பதே கேள்வி, அதன் வயது என்ன என்பதன்று என்ற தெளிவை அது ஒரு தலைமுறை ஆசிரியர்களுக்கு உண்டாக்கிற்று.

முதல் வாரம்

அந்தத் தெளிவோடு நம் கண்டி வீட்டுக்குத் திரும்புவோம். பதினான்கு வயது அக்காவும், பத்து வயதுத் தம்பியும், வரும் தைப்பூசத்தில் ஏடு தொடக்கவிருக்கும் அல்லது சென்ற விஜயதசமியன்று கட்டுக்கலை செல்வ விநாயகர் கோவிலிலே பச்சரிசியில் எழுதிவிட்டு வந்த சின்னத் தங்கச்சியும் அவ்வீட்டில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1980 முதல் அரசாங்கம் இலவசமாக வழங்கிவரும் பாடநூல்கள் மேசைமீது அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை முதல் நாளே திறந்து, முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் முதல் வாரத்துக்கு அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொல்வேன். அந்த வாரத்திலே பெற்றோருக்கு ஒரே வேலைதான்: ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கின்றது என்று அறிவது. ஐந்தாந் தரத்துப் பையனுக்குப் பின்னம் விளங்கவில்லை என்பதும், ஒன்பதாந் தரத்துப் பெண் வாய்விட்டுப் படிக்கும்போது சொற்களை விழுங்குகிறாள் என்பதும், முதலாந் தரத்துக் குழந்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே இருபது வரை எண்ணுகின்றது என்பதும் பரீட்சைத் தாளில் அகப்படாத செய்திகள். அவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டால், ஆண்டு முழுவதற்கும் அதுவே வழிகாட்டும்.

அதன் பிறகு நாளை இரண்டு கூறாக்கலாம். ஒன்று பொதுவான நேரம், மற்றது தனித்தனியான நேரம். கணிதமும் எழுத்தும் படிப்படியாக ஏறவேண்டிய பாடங்களாகையால் அவற்றுக்குத் தனி நேரம் வேண்டும். கதையும் சரித்திரமும் இயற்கை விஞ்ஞானமும் சங்கீதமும் இரண்டாம் மொழியும் பொது நேரத்துக்கு உரியவை. அண்டை வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடும் கடைக்குட்டிக்கு, புத்தகத்திலே சிங்களம் படிக்கும் அக்காவைவிடச் சரளமாக நாக்குப் புரளும். அங்கே இளையவளே ஆசிரியை. அப்படியொரு தலைகீழ் மாற்றம் வாரத்துக்கு ஒருமுறையாவது நேராத வீட்டிலே மூத்த பிள்ளைக்கு அகங்காரமும் இளைய பிள்ளைக்கு அலுப்பும் வளரும்.

பொது நேரத்திலே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு மூவருக்கும் மூன்று வாயில்களைத் திறந்துவிட வேண்டும். கண்டியில் அத்தகைய பொருளுக்குப் பஞ்சமில்லை. கொழுந்தையே பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்துகளைப் பத்துப் பத்தாகக் குவிப்பது குழந்தையின் வேலை. ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கும் என்றால், கொழுந்து மடுவத்திலே பதினெட்டு கிலோ நிறுத்தவரின் உழைப்பு எத்தனை கிலோ தேயிலையாகும் என்பது பையனுடைய கணக்கு. எஞ்சிய எடையெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால், வாடவைப்பதும் உலர்த்துவதுமாக விஞ்ஞானம் தானாகவே வந்துவிடும். அக்காவுக்கோ வேறு கேள்வி: நிர்ணயித்த எடைக்குக் குறைந்தால் 'அரைப் பேர்' என்று எழுதி நாட்கூலியில் பாதியைக் குறைக்கும் வழக்கம் எப்படி வந்தது, அது நியாயமா என்று அவள் ஒரு பக்கம் எழுதலாம். ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் அமைந்த தேயிலை நூதனசாலைக்கு மூவரையும் ஒரு சனிக்கிழமை அழைத்துச் சென்றால், பழைய யந்திரங்கள் மூன்று வயதுக்கும் மூன்று விதமாகப் பேசும்.

அல்லது நகரத்து வாவியை எடுத்துக்கொள்ளலாம். கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் வெட்டுவித்த அந்த வாவியைச் சுற்றிப் பிள்ளைகள் எத்தனையோ தடவை நடந்திருப்பார்கள், பாடமாக நடந்திருக்க மாட்டார்கள். குழந்தை வாத்துகளையும் ஆமைகளையும் எண்ணிக்கொண்டு வரட்டும். பையன் தன் காலடிகளை எண்ணி, ஒரு காலடியின் நீளத்தை அளந்து பெருக்கி, சுற்றளவைத் தானே கண்டுபிடிக்கட்டும். கண்ணுசாமி என்ற இயற்பெயரோடு மதுரை நாயக்கர் வழியிலே வந்து, 1815 இல் முடியிழந்து, வேலூர்க் கோட்டையில் கைதியாக இருந்து, 1832 இல் அங்கேயே மாண்ட அரசனின் கதை அக்காவுக்கு. அக்கதையை அவள் தன் சொந்த வார்த்தையில் அன்றிரவு தம்பிக்கும் தங்கச்சிக்கும் சொல்லவேண்டும். அதுவே அவளுடைய அந்த அரை மணி. குழந்தைக்கு விளங்கும்படி சொல்ல முயலும்போது, தனக்கு எது விளங்கவில்லை என்பது அவளுக்கே புலப்பட்டுவிடும். 1821 இல் ஏற்பட்ட பேராதனைப் பூங்காவும், அங்கே 1901 இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் அரசியும் நட்ட நாகலிங்க மரமும், கிளை பரப்பிக் கிடக்கும் பேராலும் இன்னும் எத்தனையோ நாட்களுக்குப் போதும்.

பொது நேரத்துக்கு ஒரு நுட்பம் உண்டு, அதைப் பெற்றோர் பலர் தவறவிடுகிறார்கள். கேள்வியை எப்போதும் கடைக்குட்டியிடமிருந்து தொடங்கி மேலே கொண்டுபோக வேண்டும். மூத்த பிள்ளையிடம் முதலில் கேட்டால் விடை அங்கேயே முடிந்துபோகும். இளையவை வாய் திறப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. மூத்த பிள்ளை தன் முறை வரும்வரை காத்திருப்பதும் ஒரு கல்விதான். அதைப்போலவே, 'தம்பிக்குத் தெரிகிறதே, உனக்குத் தெரியவில்லையா' என்ற வாக்கியத்தை அவ்வீட்டு எல்லைக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது, பாட்டியும் சேர்த்துத்தான்.

தனி நேரத்திலே கவனிப்பாரற்றுப் போகும் அபாயம் நடுப் பிள்ளைக்கே அதிகம். மூத்த பெண்ணுக்கு க.பொ.த. சாதாரண தரம் எட்டும் தூரத்தில் தெரிகின்றது. சின்னஞ்சிறுசு மடியை விட்டு இறங்காது. இடையிலே இருப்பவன் தன் பாட்டுக்குத் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுகிறோம். அல்லது, அவன் ஐந்தாந் தரத்தில் இருந்தால், புலமைப்பரிசில் பரீட்சை என்ற பூதத்தின் கையில் அவனை ஒப்படைத்துவிட்டு, வாரத்தில் ஐந்து நாட்களும் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம். ஏழைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து நல்ல பாடசாலைகளில் சேர்ப்பதற்காக இலவசக் கல்வியோடு கூடப் பிறந்த பரீட்சை, இன்று பத்து வயதுப் பிள்ளையின் நித்திரையைக் கெடுக்கும் வியாதியாகிவிட்டது என்பது என் தாழ்மையான, ஆனால் உறுதியான அபிப்பிராயம். அவனுடைய கணக்கு நேரத்தை நாளின் முதல் நேரமாக வைத்து, குழந்தை எழுந்திருப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் அவனோடு மட்டும் உட்கார்ந்தால், வகுப்புக்குச் சென்றுவரும் பஸ் நேரத்தில் பாதியாவது மிச்சப்படும். குழந்தைக்கு ஒரே மூச்சில் பத்து நிமிஷத்துக்கு மேல் பாடம் வேண்டாம். மற்ற நேரமெல்லாம் அது அதே பாயில் படம் வரைந்துகொண்டு, அண்ணனும் அக்காவும் படிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கும். அது வீணாகும் நேரம் என்று யாரும் எண்ண வேண்டாம். லயத்துப் பாடசாலையிலும் திண்ணையிலும் இளையவர் கற்றதில் பெரும்பகுதி அப்படிக் காதில் விழுந்ததே.

தகப்பன்மாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலையில் வீடு திரும்பி, 'இன்று என்ன படித்தீர்கள்' என்று விசாரித்துவிட்டுப் பத்திரிகையை விரிப்பது கல்விப் பணியாகாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிஷம் ஒரு நல்ல புத்தகத்தை மூவரும் கேட்க உரக்கப் படிப்பது அவர்களுடைய பங்காகட்டும். நகரிலுள்ள டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்துக்கு மாதம் இருமுறை பிள்ளைகளை அழைத்துச் சென்று புத்தகம் தேர்ந்தெடுப்பதும் அவர்களுடையதே. குழந்தைக்கு விளங்காத பகுதி வந்தால் அது உறங்கிவிடும், உறங்கட்டும்.

இப்படி வகுத்த நேரசூசி ஆண்டு முழுவதும் மாறாமல் நிற்காது. போயா தினங்கள் விடுமுறையாகையால், மாதந்தோறும் அன்று பிற்பகலிலே முதல் வாரத்துக் கொப்பியை எடுத்து வைத்து, யார் எந்தப் படிக்கு ஏறியிருக்கிறார், எந்தப் பாடம் பொதுவிலிருந்து தனிக்கு மாறவேண்டும் என்று பார்ப்பது நலம். மூத்தவள் பதினோராந் தரத்துக்கு வரும் ஆண்டிலே அவள் பொது நேரத்திலிருந்து பெரும்பாலும் விலகிக்கொள்வாள். அப்போது சட்டாம்பிள்ளைப் பதவி தம்பிக்கு வரும், அதே அரை மணி வரம்போடு. எந்த நேரசூசியும் கண்டியிலே எசல பெரஹராவின் முன்னால் நிற்காது. ஐந்து நாட்கள் கும்பல் பெரஹரா, ஐந்து நாட்கள் ரந்தோலி, பிறகு கெட்டம்பேயில் நீர்வெட்டு என்று நகரம் முழுவதும் யானைகளுக்கும் தீப்பந்தங்களுக்கும் உரியதாகிவிட, நகரத்துப் பாடசாலைகளே மூடப்பட்டுவிடும்போது, வீட்டிலே மட்டும் பின்னமும் இலக்கணமும் நடக்கும் என்று எதிர்பார்ப்பது நடவாத காரியம். அந்த நாட்களைத் தை மாதத்திலேயே விடுமுறை என்று குறித்துவிட வேண்டும். பெரஹரா நிறைவெய்தும் நிக்கினிப் போயா எந்தத் தேதியில் விழுகின்றது என்று நாட்காட்டியில் தேடி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக் குறிக்கும் வேலையைப் பத்து வயதுப் பையனிடம் கொடுத்துவிடலாம். யானைகளை வரைந்து அந்தக் கட்டங்களை நிரப்பும் வேலை தங்கச்சியுடையது.